கொளஞ்சி சொன்ன ஆறு நம்பர்

உப்பளத்துக்கு ஷூ போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று அதிகாரி, இன்னொன்று போட்டோ எடுக்க வருகிற பாண்டிச்சேரிக் கூட்டம். இரண்டிலும் சேராத தமிழ்வேந்தன் அன்றைக்கு மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு சிமெண்டுக் கல்மேல் ஷூவோடு உட்கார்ந்திருந்தான். கையில் அவன் அம்மாவின் போன். அதையே பார்ப்பதும், எழுந்து நாலு எட்டு நடப்பதும், மறுபடி உட்காருவதுமாக இருந்தான்.

அம்மாக்காரி கொளஞ்சி தலையில் உப்புக் கூடையோடு வரப்பேறும்போதெல்லாம் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. மூன்று நாளாகவே அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான், கேட்டால் ‘ம்’ என்றான். வாய்விட்டுத் திட்டினால்கூடத் தாங்கிவிடலாம், இந்த ‘ம்’மைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடலுக்கு மேலே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. வைகாசி மாதத்து மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு அரைமணி கொட்டினால் போதும், வாரிப் போட்ட உப்பு கரைந்து மறுபடி பாத்திக்கே போய்விடும். அதனால் கங்காணி ஐயப்பன் விடியுமுன்பே எல்லாரையும் இறக்கிவிட்டிருந்தார். கொளஞ்சியின் புருஷன் கலியன் பாத்தியில் நின்று பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்தான். பெண்கள் கூடையில் அள்ளி மேட்டுக்குச் சுமந்து கொட்டினார்கள். கொட்டினதை இரண்டு பேர் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டே வந்தார்கள். லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

“போன் வந்துச்சா?” என்றான் கலியன், பலகையை நிறுத்தாமல்.

“வந்தா சொல்ல மாட்டனா? ஒம்போதுலருந்து பன்னண்டுக்குள்ளன்னு சொன்னாங்களாம்.”

“வந்து என்னத்தப் பேசப் போறானுங்க?”

“யாருக்குத் தெரியும். போன் வெச்சிருக்கிறவங்களும் பக்கத்துல இருக்கணும்னு சொன்னதாலதான் அவன் இங்க வந்து காயுறான்.”

“நல்ல பாடு” என்று சொல்லிவிட்டுக் கலியன் அடுத்த பாத்திக்கு நகர்ந்தான். அவன் எதற்கும் பதறாதவன். கொளஞ்சிக்குச் சில சமயம் அதுவே எரிச்சலாக இருக்கும்.

விஷயம் இதுதான். மகள் தமிழ்நிலாவுக்கு இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை அருண்ராஜ் வீட்டார் அரியலூர்ப் பக்கம் முந்திரியும் கரும்பும் போடுகிற விவசாயக் குடும்பம். கல்யாணம் மரக்காணத்தில் என்பதால் முதல் நாள் சாயங்காலமே வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்ப்பது பெண் வீட்டார் பொறுப்பு. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பா அசோகன், “எங்கள எங்க படுக்க வெக்கப் போறீங்க?” என்று விளையாட்டாகத்தான் கேட்டார். தமிழ்வேந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஈ.சி.ஆர்.ல கடலப் பாத்த மாதிரி பெரிய ஹோட்டல் இருக்குது மாமா. அஞ்சு ரூம் என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டான்.

வெறும் வாய்ப்பந்தல் இல்லை. ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பரிசோதிக்கிற மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. மாதத்தில் பாதி நாள் வெளியூர். கம்பெனி எப்போதும் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற ஒரே ஹோட்டலில்தான் ரூம் போடும். தங்கத் தங்க அவன் பெயரில் பாயிண்ட் ஏறும். நாலு வருஷமாக ஒரு பாயிண்டைக்கூடத் தொடாமல் வைத்திருந்தான், தங்கச்சி கல்யாணத்துக்கென்று. கொளஞ்சிக்கு இந்தப் பாயிண்ட் என்பது ரேஷன் கார்டு மாதிரி ஒன்று என்று பட்டது. காசு இல்லை, ஆனால் காட்டினால் கொடுப்பார்கள். அசோகனோ தன் ஊரில் ஒரு டீக்கடை விடாமல் ஸ்டார் ஹோட்டல் புராணத்தைப் பாடியிருந்தார். அவருடைய அண்ணன் குடும்பம் அதற்காகவே வருவதாகக் கேள்வி.

அந்தப் பாயிண்ட்தான் இப்போது இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் ரூம் போடலாம் என்று தமிழ்வேந்தன் திறந்து பார்த்தால் சுத்தமாகத் துடைத்திருந்தது. யாரோ அவன் பெயரில் கோவாவில் நாலு ரூம் எடுத்து, தங்கிவிட்டும் போயிருந்தார்கள். அதற்கு வேண்டிய ஆறு இலக்க நம்பர் வந்தது கொளஞ்சியின் போனுக்கு. அது முதலில் அவன் வைத்திருந்த போன். கம்பெனி வேறு நம்பர் கொடுத்ததும் பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். ஹோட்டல் கணக்கில் அந்தப் பழைய நம்பர்தான் இருந்தது, மாற்ற மறந்துபோனான்.

கொளஞ்சி அந்த நம்பரைச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அளத்தில் இறங்கும்போது யாரும் போனை இடுப்பில் செருக முடியாது, உப்புத்தண்ணி பட்டால் ஒரே நாளில் செத்துவிடும். அதனால் எல்லாருடைய போனும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் மோட்டார் கொட்டகையில் இருக்கும். மோட்டார் ஓட்டுகிற பாவாடைக்கு எந்தப் பாட்டு யாருடைய போன் என்று அத்துபடி. “அண்ணி, உனக்கு!” என்று குரல் கொடுப்பான். வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் நிற்பான், நம்பர் கேட்பான். அளத்தில் இருக்கிறவள் சட்டென்று சொல்லாவிட்டால் சிலிண்டர் திரும்பிப் போய்விடும், மறுபடி பத்து நாள் விறகுதான். ரேஷன் கடையிலும் அப்படி, மழைக்காலத்து நிவாரணத்துக்கு எழுதிக்கொடுத்த இடத்திலும் அப்படி. நம்பர் சொல்லத் தாமதித்தால் நஷ்டம் என்பதுதான் இந்த அளம் கற்றுக்கொண்ட பாடம். யாருக்கு நம்பர் வந்தாலும் கரையில் இருக்கிறவர் படித்துச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது வரை படித்த கொளஞ்சிதான் அதில் கெட்டிக்காரி. பாதிப் பெண்களுக்கு அவள்தான் படித்துச் சொல்லுவாள்.

போன வாரம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அவளுக்கே வந்தது.

“தமிழ்வேந்தன் சார் நம்பருங்களா?”

“அவன் எங்க புள்ளைங்க. நான் அவங்கம்மா.”

“அம்மாங்களா, நல்லதாப் போச்சு. கோயமுத்தூர் ஹோட்டல்லருந்து பேசுறோம்மா. சார் வாசல்ல நிக்கிறாரு, பையோட. இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொன்னாத்தான் ரூம் தர முடியும்.”

“அவன் கையிலயே போன் இருக்குமேங்க?”

“ராத்திரி முழுக்க ரயில்ல வந்தாருல்லம்மா, சார்ஜ் போயிடுச்சு. பாவம், நின்னுக்கிட்டே தூங்குறாரு.”

முந்தின நாள் ராத்திரி ரயில் ஏறும்போது மகன் பேசியிருந்தான். ஹோட்டல், கோயமுத்தூர், ரயில் எல்லாம் சரியாக இருந்தது. அவள் விரல் முழுக்க உப்பு. பாவாடைதான் போனைத் தள்ளித் திறந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான். அவள் ஆறு நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “சீக்கிரம் ரூமக் குடுத்துடுங்கய்யா” என்றும் சொன்னாள்.

பாயிண்ட் போனது தெரிந்த அன்றைக்கு மகன் கத்தின கத்தலில் இதெல்லாம் எங்கே சொல்வது? “நம்பரச் சொன்னியா இல்லியா?” என்றான். “சொன்னேன்டா, ஆனா” என்று ஆரம்பித்தாள். “மூள இருக்குதா உனக்கு?” என்று கேட்டுவிட்டு வெளியே போனவன்தான். போலீஸ் உதவி நம்பருக்குப் பேசினான். எத்தனை ரூபாய் போயிற்று என்று கேட்டார்கள். ரூபாய் இல்லை, பாயிண்ட் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் ஹோட்டலுக்கே எழுதிப்போட்டான். இன்றைக்குக் கூப்பிடுவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது.

கொளஞ்சி அப்போதுதான் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்கு வந்தாள். மகன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். உள்ளே பாவாடை மோட்டாரை நிறுத்திவிட்டு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“வணக்கம் சார். நான் மணிவண்ணன். உங்க கம்ப்ளைண்ட் என்கிட்டதான் வந்திருக்கு. ஓடிபி யாருக்கும் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“நம்பர் போய் நாப்பது செகண்ட்ல சரியா விழுந்திருக்கு சார். யாரோ பாத்துச் சொல்லாம அது நடக்காது. ஒண்ணு சொல்லிடுறேன், உங்க வீட்ல யாராவது சொல்லியிருந்தா எங்க ரூல்படி அது உங்க பொறுப்பு. நான் ஃபைல மூடிடணும்.”

தமிழ்வேந்தன் உதட்டைக் கடித்தான். “போன் எங்கம்மாகிட்ட இருக்குதுங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. மகன் பத்தாவது பாஸான அன்றைக்கு மார்க் ஷீட்டை ஒரு வரி விடாமல் தெருவுக்கே படித்துக் காட்டியவள் அவள். அது அவனுக்கும் தெரியும். கூடையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

“அப்ப வேற யார் கையிலயாவது போன் இருந்துச்சா சார்? உங்களுக்குத் தெரியாம மூணாவது ஆள் எடுத்துச் செஞ்சிருந்தா அது வேற விஷயம். அதுக்கு வழி இருக்கு.”

தமிழ்வேந்தன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“வேலை செய்ற எடத்துல போனெல்லாம் ஒருத்தர் பொறுப்புல இருக்கும்” என்றான் தமிழ்வேந்தன், குரலைத் தாழ்த்தி.

“அவர் பேரு?”

“பாவாடை.”

“என்ன தம்பி, கூப்ட்டியா?” என்று டீசல் கேனோடு பாவாடை வெளியே வந்தான்.

தமிழ்வேந்தன் தலையைத் தூக்கவில்லை. சின்ன வயதில் தன்னைத் தோளில் வைத்துக்கொண்டு இதே வரப்பில் நடந்த ஆள். பாவாடையைச் சித்தப்பா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

“அந்த ஆள் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, அந்தக் காப்பிய எனக்கு அனுப்ப முடியுமா சார்? அனுப்பினா ரெண்டு நாள்ல பாயிண்டத் திருப்பிப் போடச் சொல்லி நான் பேசிப் பாக்குறேன்.”

தமிழ்வேந்தன் அம்மாவைப் பார்த்தான். மூன்று நாளில் அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். ‘ஒன்பது நாள்தாம்மா இருக்குது, வாயைத் திறக்காதே’ என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கொளஞ்சிக்கு மகள் முகம் ஞாபகம் வந்தது. போகிற இடத்தில் அசோகனின் அண்ணன் பெண்டாட்டி ‘பெருசா சொன்னாங்க உங்க வீட்ல’ என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள், அதுவும் ஞாபகம் வந்தது. எதிரே பாவாடை எதுவும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“குடுக்கிறேங்க சார்” என்றான் தமிழ்வேந்தன்.

கொளஞ்சி கூடையைப் போட்டாள். உப்புக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

“ஐயா, நான் அவங்கம்மா கொளஞ்சி பேசுறேன். அந்த நம்பரச் சொன்னது நான்தான். எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும். யார் மேலயும் எழுதிக் குடுக்க வேணாம்.”

“ம்மா!” என்று தமிழ்வேந்தன் கையை நீட்டினான். அவள் தள்ளிவிட்டாள்.

மணிவண்ணன் நிதானமாகக் கேட்டான். “என்ன சொல்லிக் கேட்டாங்கம்மா?”

“எம்புள்ள கோயமுத்தூர்ல உங்க ஹோட்டல் வாசல்ல பையோட நிக்கிறான்னு சொன்னாங்க. ராத்திரி முழுக்க ரயில்ல வந்தவன், போன்ல சார்ஜ் இல்ல, நின்னுக்கிட்டே தூங்குறான், நம்பர் சொன்னாத்தான் உள்ள விடுவோம்னு சொன்னாங்க. நான் சொன்னேன். பெத்தவ சொல்லாம இருப்பாளாய்யா?”

“இருங்கம்மா. அது என்னிக்கு?”

“போன வாரம் செவ்வாக்கிழம. காலையில ஆறரை.”

“சார், நீங்க லைன்ல இருக்கீங்களா? அன்னிக்கு உண்மையிலேயே கோயமுத்தூர்ல எங்க ஹோட்டலுக்குத்தான் வந்தீங்களா?”

“ஆமாங்க. ஆறே முக்காலுக்கு உள்ள போனேன்.”

“ரூம் எப்பப் போட்டீங்க?”

“முந்தின நாள் சாயந்தரம்தாங்க. கம்பெனில சொன்னதே மத்தியானம்தான்.”

“நீங்க வர்றது எங்க ஆளுங்களுக்கும் உங்களுக்கும்தான சார் தெரியும். வெளியில ஒருத்தனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” மணிவண்ணன் இதைத் தனக்குள் பேசுகிற மாதிரிதான் சொன்னான். “அம்மா சொன்னத அப்படியே எழுதிக்கிறேன். எங்க பக்கத்துலருந்து விஷயம் வெளிய போயிருந்தா ரூல் வேற, இது எங்க உள்விசாரணைக்குப் போகணும். இருபத்தோரு நாள் ஆகும். பாயிண்ட் கெடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா ஃபைல மூட மாட்டேன். அம்மா சொன்னது நல்லதாப் போச்சு சார்.”

போன் நின்றது. இருபத்தோரு நாள். கல்யாணமோ ஒன்பதாம் நாள். ரூம் இல்லை என்பது முடிந்துபோன விஷயம்.

பாவாடைக்கு இப்போது எல்லாம் புரிந்திருந்தது. டீசல் கேனைக் கீழே வைத்தான். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை என்று கொளஞ்சி நினைத்தாள். அவன் கோபப்படவில்லை.

“ஊரு நம்பரெல்லாம் இந்தக் காதுல விழுந்திருக்குது தம்பி. பேங்க்கு நம்பரு, ரேஷன் நம்பரு. ஒருத்தனுக்கும் போய்ச் சொன்னதில்ல நானு.”

“சித்தப்பா, அவசரத்துல வாய்ல வந்துடுச்சு. தப்புதான்.”

“எம்பேரு எப்டிப்பா வாய்ல வரும்?” என்றான் பாவாடை. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் மோட்டாரைப் போட்டான். எப்போதும் ஒரு இழுப்பில் கிளம்புகிற மோட்டார் அன்றைக்கு மூன்று இழுப்புக்குப் பிறகுதான் கிளம்பியது.

மேகம் இன்னும் கிட்டே வந்துவிட்டது. “கொளஞ்சி, என்னா அங்க மாநாடா?” என்று ஐயப்பன் மேட்டிலிருந்து கத்தினார். அவள் குனிந்து கூடையை எடுத்தாள். மகள் வாழ்க்கையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமோ என்று பயமாக இருந்தது. பாவாடை முகத்தில் இனி எப்படி முழிப்பது என்று அவமானமாகவும் இருந்தது.

“ம்மா” என்றான் தமிழ்வேந்தன்.

அவள் திரும்பவில்லை.

“நான் வாசல்ல நிக்கிறேன்னா சொன்னான்?”

“ஆமா.”

“இத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீ எங்கடா கேட்ட? சொன்னியா இல்லியான்னு கேட்ட. சொன்னேன்னேன். ஏன் சொன்னன்னு ஒரு வார்த்த கேட்டியா?” கொளஞ்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “பிச்சக்காரன் கணக்கா ஊரு பேரு தெரியாத எடத்துல எம்புள்ள தெருவுல நிக்கிறான்னு ஒருத்தன் சொல்றான். நான் யோசிச்சிக்கிட்டு நிக்கணுமா? இன்னிக்கு இன்னொருத்தன் கேட்டாலும் சொல்லுவேன், போடா.”

கூடையோடு அவள் பாத்திக்கு இறங்கினாள். கலியன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் கூடையை வாங்கி, எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் குறைவாக உப்பை அள்ளிப் போட்டுத் தூக்கிவிட்டான்.

அவள் மறுபடி வரப்பேறியபோது தமிழ்வேந்தன் வரப்பு முனையில் நின்றிருந்தான். ஷூவின் ஓரமெல்லாம் உப்புச் சேறு. காதில் அவனுடைய போன். அந்தப் பக்கம் யார் என்று அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அசோகன் இருக்கிற இடத்தில் அவருடைய போனுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை, எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

“ரூம் இல்லியா? என்னப்பா சொல்ற? எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டு மூணு செட்டுத் துணி எடுத்து வெச்சிருக்கான்!”

“பாயிண்ட எவனோ ஏமாத்தி எடுத்துட்டாங்க மாமா. திரும்ப வர்றதுக்கு நாளாகும். பாண்டிச்சேரியிலயே நல்ல லாட்ஜாப் பாக்குறேன், ஏ.சி. இருக்கும். ஆனா கடல் தெரியாது.”

“எவனோ எடுக்கிற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? போன்ல நம்பர் கேட்டா குடுக்கக் கூடாதுன்னு டிவில நாள் முழுக்கக் கத்துறானே. யாருப்பா குடுத்தது? உங்கம்மாவா?”

கொளஞ்சி கூடையோடு நின்றுவிட்டாள். மோட்டார் கொட்டகை வாசலில் பாவாடையும் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லீங்க மாமா” என்றான் தமிழ்வேந்தன். “நான்தான். ரயில்ல வந்த தூக்கத்துல சொல்லிட்டேன்.”

“நீயா? ஆஸ்பத்திரி மிஷினெல்லாம் பிரிச்சு மாட்டுறவன் நீயா?” அசோகன் அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. படிச்சு என்ன பிரயோஜனம் என்றார், இப்படிப்பட்டவனை நம்பி நாலு பேரிடம் சொன்ன என்னைச் சொல்லணும் என்றார். தமிழ்வேந்தன் காதெல்லாம் சிவந்துபோய், “ஆமாங்க மாமா”, “தப்புதாங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

போனைப் பிடுங்கி, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடக் கொளஞ்சிக்கு வாய் துடித்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தமிழ்வேந்தன் பேச்சை நிறுத்தாமலே அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் தலைச் சுமையோடு அவனைக் கடந்து மேட்டுக்குப் போனாள். பின்னால் மகன் இன்னும் “ஆமாங்க மாமா” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.